கையெழுத்துப் போடாதவர் யார்? நாகா அரசியல் செய்தியை வாசிக்க ஒரு வழி

தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறேன். வடகிழக்குச் செய்திகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். "நாகா குழுக்களுடன் சண்டை நிறுத்தம் மேலும் ஓராண்டு நீட்டிப்பு" என்று ஏஜென்சியில் ஒரு செய்தி வரும். உள்பக்கத்தில் நாலு பத்தியாகப் போட்டு முடித்துவிடுவோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், "அண்ணே, இது என்ன பிரச்சினை? 2015-லயே ஒப்பந்தம் போட்டாச்சே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்திய-மியான்மர் எல்லை மலைகளில் வாழும் பல பழங்குடிகளின் பொதுப் பெயர்தான் நாகா; அவர்களில் ஒரு பகுதியினர் தனி நாடு கேட்டு நடத்திய போராட்டமும் அதை முடிக்கப் போட்ட ஒப்பந்தங்களும்தான் விஷயம். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது உதவும்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆண்டும் ஆவணத்தின் பெயரும். நடுவில் கையெழுத்துப் போட்டவர்கள். வலப்பக்கம், அந்த நேரத்தில் களத்தில் இருந்தும் கையெழுத்துப் போடாதவர்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். நாகா வரலாற்றில் ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தரப்போடு போடப்பட்டது. விடுபட்ட தரப்பு சண்டையைத் தொடர்ந்தது. பாகப்பத்திரத்தில் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டால் விவகாரம் எங்கே போய் நிற்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வரியை 1947-இல் எழுதாதீர்கள்

பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். தொடங்கினால், "இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் இவர்கள் பிரிந்துபோகக் கேட்டார்கள்" என்று மனதில் பதிந்துவிடும். உங்கள் நோட்டின் முதல் வரி 1929 ஜனவரி 10 ஆக இருக்கட்டும்.

அன்று சைமன் கமிஷன் இன்றைய நாகாலாந்துத் தலைநகரான கோஹிமாவுக்கு வந்தது. நாட்டின் மற்ற இடங்களில் "சைமனே திரும்பிப் போ" என்று கறுப்புக் கொடி காட்டிக்கொண்டிருந்த காலம். கோஹிமாவில் நாகா கிளப் சார்பில் 20 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்தார்கள். சீர்திருத்தத் திட்டத்துக்குள் எங்களைச் சேர்க்காதீர்கள், உங்கள் ஆட்சி வருவதற்கு முன் இருந்ததுபோல எங்கள் முடிவை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கிளப் 1918-இல் உருவானது. முதல் உலகப் போரின்போது தொழிலாளர் படையில் பிரான்ஸ் வரை போய்த் திரும்பியவர்களுக்கு அதில் பங்கு இருந்தது. அங்காமி, ஆவ், சேமா, லோதா என்று தனித்தனி மொழி பேசி, ஒருவர் ஊரோடு மற்றவர் ஊர் மோதிக்கொண்டிருந்த குழுக்கள் "நாகா" என்ற ஒரே பெயரின் கீழ் சேர்ந்து நின்றது இங்கேதான். பிரிட்டிஷாரை அவர்கள் எதிர்த்ததும் உண்டு. 1879-இல் கொனோமா ஊர்க்காரர்கள் டமான்ட் என்ற அரசியல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள்; பதிலுக்கு மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. அந்தக் கொனோமா பின்னால் திரும்பவும் வரும், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1935 இந்திய அரசுச் சட்டம் நாகா மலையை "விலக்கப்பட்ட பகுதி", அதாவது மாகாணச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே உள்ள பகுதி ஆக்கியது. 1944-இல் ஜப்பானியப் படை கோஹிமா வரை வந்தது, ஊரே தரைமட்டமானது. 1946-இல் நாகா தேசிய கவுன்சில், சுருக்கமாக என்.என்.சி., பிறந்தது. இவற்றை ஒரே வரியில் எழுதிவிட்டு நகரலாம்.

இரண்டாவது ஆவணம் 1947 ஜூன் மாதத்து ஒன்பது அம்ச ஒப்பந்தம். இதில் நிதானமாக நில்லுங்கள். அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரி கோஹிமாவுக்கு வந்து என்.என்.சி. தலைவர்களோடு பேசி முடித்தது இது. எட்டு அம்சங்களில் பெரிய தகராறு இல்லை; நிலம், வரி, வழக்காற்று நீதி போன்றவை. ஒன்பதாவது அம்சம்தான் முள். பத்து ஆண்டுகளுக்கு ஆளுநருக்குத் தனிப் பொறுப்பு. அந்தக் காலம் முடிந்ததும், இந்த ஒப்பந்தத்தையே நீட்டிக்க வேண்டுமா, இல்லை நாகா மக்களின் எதிர்காலம் பற்றிப் புதிய ஒப்பந்தம் வேண்டுமா என்று என்.என்.சி.யிடம் கேட்கப்படும். "பத்து வருடம் கழித்து விலகிப் போகவும் எங்களுக்கு உரிமை உண்டு" என்று நாகா தரப்பு இதைப் படித்தது. "இந்தியாவுக்குள் இருந்துகொண்டே ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளலாம்" என்று டெல்லி படித்தது. ஒரே பத்திக்கு இரண்டு அர்த்தம். இரு தரப்புமே தெரிந்தே அதைத் தெளிவில்லாமல் விட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை பெரிது.

மூன்றாவது கட்டத்தில் யார்? கொனோமாவைச் சேர்ந்த அங்காமி ஜாபு பிசோ. அவர் இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஜூலை 19-இல் நாகா குழு ஒன்று டெல்லியின் பங்கி காலனியில் காந்தியைச் சந்தித்தது. நாகாக்களைக் கட்டாயப்படுத்தி இணைக்க முடியாது என்ற பொருளில் அவர் பேசியதை அந்த மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 14-ஆம் தேதி நாகா சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. இன்றைக்கும் அந்த நாளில் கொடியேற்றுகிறார்கள். ஆகஸ்ட் 14 தேதியிட்டு நாகாலாந்திலிருந்து படம் வந்தால் காரணம் இதுதான்.

பிசோ 1950-இல் என்.என்.சி. தலைவரானார். 1951 மே 16-இல் பொது வாக்கெடுப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்க் கைநாட்டு வாங்கினார்கள். 99 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு என்று என்.என்.சி. அறிவித்தது, டெல்லி அதை ஏற்கவில்லை. 1952 பொதுத் தேர்தலை நாகா மலை புறக்கணித்தது.

அடுத்த சம்பவத்தை மட்டும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். 1953 மார்ச் 30. பிரதமர் நேருவும் பர்மா பிரதமர் ஊ நூவும் கோஹிமாவுக்கு வந்தார்கள். எல்லையின் இரு பக்கமும் நாகாக்கள் இருப்பதால் இரண்டு பிரதமர்களையும் ஒரே இடத்தில் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து மைதானத்தில் காத்திருந்தார்கள். ஒரு மனு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. மனு கொடுக்க அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. தலைவர்கள் மேடையேறும் நேரத்தில் கூட்டம் எழுந்து வெளியேறியது. நேரு அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். கைது நடவடிக்கைகள் தொடங்கின, என்.என்.சி. தலைவர்கள் தலைமறைவானார்கள். நான் சொல்லிக்கொடுக்கும்போது எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு மனுவை வாங்கி வைத்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேசிக்கொண்டே இருந்திருக்க முடியும்.

1956 மார்ச்சில் பிசோவின் ஆட்கள் நாகாலாந்து கூட்டாட்சி அரசு என்று தங்கள் சொந்த அரசை அறிவித்தார்கள். ராணுவம் இறங்கியது. கிராமங்கள் எரிந்தன, மக்களை ஊர் ஊராகக் கிளப்பி வேலிக்குள் கூட்டிவைத்தார்கள். 1958-இல், ராணுவத்துக்குச் சுடவும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் அதிகாரம் தரும் ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. டிசம்பர் 1956-இலேயே பிசோ கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தப்பி, 1960-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1990-இல் அங்கேயே இறந்தார். கோஹிமாவுக்கு உடலாகத்தான் திரும்பினார்.

மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் சிறியதாக இன்னொரு இடம் விட்டுவையுங்கள். சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டவர்களின் பெயருக்கு. பிசோவின் உறவினரும் என்.என்.சி. செயலாளருமான டி. சக்ரி, ஆயுதப் பாதை வேண்டாம் என்றவர். 1956 ஜனவரியில் கொல்லப்பட்டார். நாகா மக்கள் மாநாட்டின் தலைவர் இம்கோங்லிபா ஆவ், டெல்லியோடு பேசி மாநிலம் வாங்கியவர்; 1961 ஆகஸ்டில் சுடப்பட்டு இறந்தார். பேச்சுவார்த்தைக்குப் போகும் நாகா தலைவர்கள் ஏன் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுகிறார்கள் என்பது இந்தப் பெயர்களைப் பார்த்தால் புரியும்.

மாநிலம் கிடைத்த பிறகும் ஏன் முடியவில்லை

1960 ஜூலையில் 16 அம்ச உடன்பாடு. நடுக் கட்டத்தில் நாகா மக்கள் மாநாடும் நேரு அரசும். மூன்றாவது கட்டத்தில் என்.என்.சி., அதாவது துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும். இந்த உடன்பாட்டின்படி 1963 டிசம்பர் 1-இல் நாகாலாந்து மாநிலம் பிறந்தது. அரசியல் சட்டத்தில் 371A என்ற பிரிவு சேர்ந்தது. நாகாக்களின் சமய, சமூக வழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், நில உரிமை ஆகியவற்றைத் தொடும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மாநிலச் சட்டமன்றம் ஏற்றால்தான் அங்கே செல்லும். இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பிரிவு அல்ல. நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீடு என்று வந்தபோது இந்தப் பிரிவைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். 2017-இல் கோஹிமாவில் அரசுக் கட்டடங்கள் எரிந்தன. 20 வருடம் நடக்காமல் கிடந்த அந்தத் தேர்தல் 2024 ஜூனில்தான் இடஒதுக்கீட்டோடு நடந்தது. நாகா அம்மாமார்கள் 1984 முதல் சங்கம் வைத்து, இரு தரப்புத் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்றவர்கள். அவர்களுக்கு நகராட்சியில் ஓர் இருக்கை கொடுக்க இவ்வளவு காலம் ஆனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

1964-இல் பாப்டிஸ்ட் திருச்சபை முயற்சியில் அமைதிக் குழு வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் இருந்தார்கள். செப்டம்பர் 6-இல் சண்டை நின்றது. இந்திரா காந்தியோடு ஆறு சுற்றுப் பேசினார்கள். ஒன்றும் அமையவில்லை.

சரி, இப்போது 1975 நவம்பர் 11. ஷில்லாங் ஒப்பந்தம். தேர்வுக்குப் படிப்பவர்கள் தேதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள், அது போதாது. நெருக்கடி நிலை காலம். வங்கதேசம் உருவானதால் கிழக்குப் பாகிஸ்தான் புகலிடம் கைவிட்டுப் போயிருந்தது. அந்த நெருக்கடியில், தலைமறைவு அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆளுநர் எல்.பி. சிங்கோடு கையெழுத்துப் போட்டார்கள். இந்திய அரசியல் சட்டத்தை நிபந்தனையின்றி ஏற்கிறோம், ஆயுதங்களை ஒப்படைக்கிறோம், மற்ற பிரச்சினைகளை முன்வைக்க அவகாசம் வேண்டும். இவ்வளவுதான் உள்ளே இருப்பது. கையெழுத்துப் போட்டவர்களில் பிசோவின் தம்பியும் ஒருவர். லண்டனில் இருந்த பிசோ ஆதரித்தும் பேசவில்லை, கண்டித்தும் பேசவில்லை. பர்மா எல்லைப் பக்கம் இருந்தவர்கள் ஏற்க மறுத்தார்கள். மூன்றாவது கட்டத்தில் மூன்று பெயர்களை எழுதுங்கள்: ஐசக் சிசி சூ, துய்ங்கலெங் முய்வா, எஸ்.எஸ். காப்லாங்.

1980 ஜனவரி 31-இல் இந்த மூவரும் சேர்ந்து தொடங்கியதுதான் என்.எஸ்.சி.என்., நாகாலாந்து தேசிய சோஷலிஸ்ட் கவுன்சில். சமாதானம் என்று கொண்டாடப்பட்ட ஒப்பந்தம், அதுவரை இருந்ததைவிடப் பலமான அமைப்பு ஒன்றுக்கு வழிவிட்டது. 1988-இல் அதுவும் ரத்தக்களறியாக உடைந்தது: ஐசக், முய்வா ஒரு பக்கம் (ஐ.எம்.), காப்லாங் மறுபக்கம் (கே).

அதனால்தான் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தை விடாமல் பாருங்கள் என்கிறேன். ஐ.எம். குழுவோடு சண்டை நிறுத்தம் 1997 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2007-இல் அதற்குக் காலவரம்பே இல்லாமல் நீட்டித்துவிட்டார்கள். ஆக, "ஓராண்டு நீட்டிப்பு" என்று செய்தி வந்தால் அது ஐ.எம். பற்றியது அல்ல. காப்லாங் பக்கத்திலிருந்து பிரிந்து வந்த சிறு குழுக்களைப் பற்றியது. அப்படிப்பட்ட செய்திக்கு முய்வாவின் படத்தைப் போடக்கூடாது. காப்லாங் குழு 2015 மார்ச்சில் சண்டை நிறுத்தத்தை முறித்தது. அந்த ஜூன் 4-இல் மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் 18 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் டெல்லியில் ஐ.எம். குழுவோடு ஒப்பந்தம். ஒரே கோடையில், ஒரே பெயர் கொண்ட இரண்டு அமைப்புகள், இரண்டு வேறு பாதைகள்.

வரைபடத்தைப் பக்கத்திலேயே வையுங்கள்

நாகாலாந்து வேறு, நாகாக்கள் வாழும் நிலம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் போய்விடும். வரைபடத்தை விரித்து பென்சிலால் நிழலிடுங்கள். நாகாலாந்து முழுதும். மணிப்பூரில் உக்ருல், சேனாபதி, தமெங்லாங், சந்தேல் பகுதிகள். அருணாசலத்தில் திராப், சாங்லாங், லோங்டிங். அசாமில் சில இடங்கள். எல்லைக்கு அப்பால் மியான்மரின் சகாயிங் பகுதி. மோன் மாவட்டத்தின் லோங்வா கிராமத்தில் ஊர்த்தலைவரின் வீட்டுக்குள்ளேயே இரு நாட்டு எல்லை ஓடுகிறது. முய்வா மணிப்பூர் உக்ருல் பக்கத்துத் தாங்குல் நாகா. காப்லாங் மியான்மர் நாகா. நாகாலாந்து மாநிலத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்றால் இவர்கள் இருவருக்கும் அதில் ஊரே இல்லை.

நிழலிட்ட பகுதிகளுக்குள் வேறு யார் வாழ்கிறார்கள் என்றும் பாருங்கள். மணிப்பூரில் மெய்தி மக்களும் குக்கி மக்களும் இருக்கிறார்கள். 1990-களில் நாகா-குக்கி மோதலில் ஏராளமான குக்கிகளும் நாகாக்களும் செத்தார்கள். 2001 ஜூனில் ஐ.எம். குழுவோடு போட்ட சண்டை நிறுத்தத்துக்கு "நில எல்லை வரம்பின்றி" என்று ஒரு தொடரைச் சேர்த்தார்கள்; அதாவது நாகாலாந்துக்கு வெளியேயும் அது செல்லும். தங்கள் மாநிலத்தைத் துண்டாடப் போகிறார்கள் என்று மணிப்பூர் தலைநகர் இம்பால் கொதித்தது. ஜூன் 18-இல் சட்டமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள். டெல்லி அந்தத் தொடரைத் திரும்பப் பெற்றது. 2010-இல் முய்வா தன் சொந்த ஊருக்குப் போகக் கிளம்பியபோது மணிப்பூர் அரசு மாவோ என்ற எல்லை ஊரிலேயே தடுத்தது. அங்கே இரண்டு பேர் உயிர் போனது. ஆகவே ஒரு நாகா ஒப்பந்தத்தில் நிலம் பற்றி ஒரு வரி இருந்தால், மூன்றாவது கட்டத்தில் இம்பாலையும் எழுதுங்கள். நாகா மக்களின் கோரிக்கையை மதிப்பவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

2015 ஆகஸ்ட் 3 கட்டமைப்பு ஒப்பந்தத்துக்கு வருவோம். நடுக் கட்டத்தில் முய்வாவும், மத்திய அரசு சார்பில் ஆர்.என். ரவியும். 2019-இல் நாகாலாந்து ஆளுநராகி, 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்த அதே ரவிதான். ஒப்பந்தத்தின் வாசகம் ஐந்து வருடம் வெளியே வரவில்லை. 2020 ஆகஸ்டில் ஐ.எம். குழு தன்னிடம் இருந்த பிரதியை வெளியிட்டது. மூன்றாவது கட்டத்தில் மற்ற நாகா குழுக்கள்; அவர்களோடு 2017 நவம்பரில் தனியாக இன்னொரு உடன்பாடு போடப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் கிடக்கிறது. தனிக் கொடி, தனி அரசியல் சட்டம் இரண்டும் வேண்டும் என்று ஐ.எம். நிற்கிறது; டெல்லி மறுக்கிறது. "பேச்சுவார்த்தையில் முன்னேற்றம்" என்று தலைப்பு வந்தால், உள்ளே கொடி, அரசியல் சட்டம் என்ற இரண்டையும் தேடுங்கள். இல்லாவிட்டால் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஆவணங்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் அந்த மலையில் சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது கைநழுவிவிடும். 2021 டிசம்பர் 4 என்ற தேதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை. மோன் மாவட்டத்தில் நிலக்கரி வெட்டும் வேலை முடிந்து எட்டுப் பேர் பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படையினர் சுட்டார்கள், ஆறு பேர் செத்தார்கள். தேடிப் போன ஊர்க்காரர்கள் ராணுவ வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் உடல்களைக் கண்டார்கள். அங்கே மூண்ட மோதலில் மேலும் ஏழு ஊர்க்காரர்களும் ஒரு ராணுவ வீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். மொத்தம் 14 பொதுமக்கள். வண்டியை நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் சொன்னார். அப்படி யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மாநில சிறப்புப் புலனாய்வுக் குழு 30 ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தரவில்லை. ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி அந்த அனுமதி இல்லாமல் வழக்கு நகராது; 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. "இந்தச் சட்டம் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு" என்று ஒரு வரிச் செய்தி வரும்போது ஓட்டிங்கை நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மறுபக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நாகாலாந்தின் வணிக நகரான திமாபூரில் கடை வைத்திருப்பவர் அரசுக்கும் வரி கட்டுகிறார், ஒன்றுக்கு மேற்பட்ட தலைமறைவுக் குழுக்களுக்கும் "வரி" கட்டுகிறார். 2013 அக்டோபர் 31-இல் அதே திமாபூரில் மக்கள் திரண்டு, வரி வாங்கவேண்டுமென்றால் ஒரே அரசுக்குத்தான் என்று கேட்டார்கள். தங்களுக்காகச் சண்டை போடுகிறோம் என்பவர்களிடமே மக்கள் கணக்குக் கேட்டது அந்தக் கூட்டம்.

இன்றைக்கே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை தருகிறேன். முதலில் 1975 ஷில்லாங் ஒப்பந்தம். மிகச் சிறியது, கால் மணி நேரம் போதும். அப்புறம் 1947-இன் ஒன்பது அம்சங்கள். பிறகு 371A. கடைசியாக 1960-இன் 16 அம்சங்கள். அதில் பதின்மூன்றாவதை மெதுவாகப் படியுங்கள், பக்கத்து மாநிலங்களில் உள்ள நாகா நிலத்தைச் சேர்ப்பது பற்றி அங்கேயே பேசியிருக்கிறார்கள். நாலுமே இணையத்தில் கிடைக்கும். நோட்டில் கோடு போட்டுவிட்டுப் படிக்க உட்காருங்கள்.